விண்ட்ஸர் நாற்காலியும் கைத்தொழிற் புகழ்ச்சியும்

நம் மொழியில் நாற்காலி என்னும் பெயர் அப்பொருளின் கால்களை நோக்கி எழுந்தது. நான்கு கால்களையுடையது எதுவோ அது நாற்காலி. அமரும் பலகையைப் பற்றியோ சாயும் முதுகைப் பற்றியோ அப்பெயர் ஒன்றும் கூறுவதில்லை. சாதாரணமாய்த் தச்சர் செய்யும் நாற்காலிக்கு இப்பெயர் மிகப் பொருத்தமே. அதன் பின்னங்கால்கள் இரண்டும் தரையினின்று புறப்பட்டு, இருக்கையைக் கடந்து மேலே சென்று, முதுகைத் தாங்கும் சட்டங்களாகவும் ஆகின்றன. கால்களே அதன் உடம்பு. பலகை அவற்றிடையே பொருத்திய ஒரு மூடி. இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வழக்கிற்கு வந்த விண்ட்ஸர் நாற்காலியோ இதற்கு முற்றும் மாறானது. அதன் கால்கள் பலகையின் அடிப்புறத்துத் துளைகளில் ஏறி அங்கேயே முடிகின்றன. முதுகுக் குச்சிகளும், அவற்றைத் தழுவி வளைந்து நிற்கும் வில்லும் பலகையின் மேற்புறத்துத் துளைகளினின்று தனியே எழுகின்றன. கீழுள்ளதற்கும் மேலுள்ளதற்கும் உறவு பலகையொன்றாலேயே உண்டாகின்றது. ஒன்றரை அல்லது இரண்டு அங்குலக் கனமுள்ள அம்மரப்பலகையே அந்நாற்காலியின் உயிர்நிலை.

இதனைப் பற்றி இங்கே எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. கையாற் செய்த பொருள்களைப் புகழ்ந்து பேசுதல் கற்றோரிடையே ஒரு வழக்கமாய் விட்டது. எந்திரம் செய்தது உயிரற்றது, கை செய்தது உயிருள்ளது என்று மேடைகளிற் கேட்கின்றோம். மற்றொரு சாராரோ, கைத்தொழிலின் காலம் கழிந்தது, அதனை எண்ணி ஏங்குதல் வீண் என்பர். இவ்விரு திறத்தாரும் ஒரே பிழையைச் செய்கின்றனர் என்பது என் துணிபு. இருவரும் கையை நோக்குகின்றனரேயன்றி, அக்கை எதனை அறிந்து இயங்கிற்று என்பதை நோக்குகின்றிலர். விண்ட்ஸர் நாற்காலியை ஒருமுறை பிரித்துப் பார்ப்போமாயின் இது விளங்கும்.

முதலிற் பெயரைப் பற்றிய கதையொன்றை ஒதுக்கி விடுதல் நன்று. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வேட்டைக்குச் சென்று மழைக்கு ஒதுங்கியபோது, விண்ட்ஸர் ஊரையடுத்த ஒரு குடிசையில் இத்தகைய நாற்காலியைக் கண்டு மகிழ்ந்து, தம் அரண்மனைக்கும் சில செய்யுமாறு பணித்தார் என்றும், அதனால் இப்பெயர் வந்தது என்றும் கூறுவர். கதை இனியது, ஆனால் அம்மன்னர் பிறந்தது 1738ஆம் ஆண்டில். அதற்கு முன்னரே இப்பெயர் எழுத்தில் வழங்கியிருக்கின்றது. அரசர் தொட்டாலன்றி ஏழையின் பொருளுக்குப் பெருமையில்லை என்று எண்ணும் மனப்பான்மையே இத்தகைய கதைகளைப் பிறப்பிக்கின்றது போலும்.

இனி மரத்திற்கு வருவோம். மரத்தை ஒரே திண்மையாகிய பொருள் என்று நாம் எண்ணிப் பழகி விட்டோம். உண்மையில் அது வேரினின்று நீரை மேலேற்றும் பொருட்டு நெடுக அடுக்கப்பட்ட நுண்குழல்களின் கட்டு. அக்கட்டினை நீளவாட்டில் இழுத்து அறுத்தல் மிகவும் அரிது; குழலுக்கும் குழலுக்கும் இடையே பிரித்தல் எளிது. விறகு பிளக்கும் எவரும் அறிந்த இவ்வுண்மையின் மேலேயே விண்ட்ஸர் நாற்காலி முழுவதும் கட்டப்பட்டுள்ளது. அப்போதுதான் வீழ்த்திய பச்சை மரத்தின் அடித்துண்டை எடுத்து, அதன் வெட்டுமுகத்தில் ஆப்பு வைத்து அறைவர். பிளவு தான் செல்ல வேண்டிய வழியைத் தானே தேடிக்கொள்ளும். பாதியைப் பாதியாக்கி, அதனையும் பாதியாக்கி, இறுதியில் நீண்ட அலகுடைய பிளப்புக் கத்தியால் கைப்பருமனுள்ள கோல்களாகப் பிரிப்பர். பின்னர், தொழிலாளி தான் அமர்ந்து காலால் அழுத்தி மரத்தைப் பற்றிக்கொள்ளும் ‘குதிரை’ என்னும் பலகையில் அக்கோலை இறுக்கி, இருபுறமும் பிடியுள்ள கத்தியைத் தன் மார்பை நோக்கி இழுத்து இழுத்துச் சீவுவான். கத்தி இழையைப் பின்பற்றிச் செல்லும். இழை சிறிது கோணினால் குச்சியும் சிறிது கோணும். அதனைக் குறையென்று எவரும் கருதுவதில்லை.

வாள் இவ்வாறன்று. தச்சன் இட்ட கோட்டை அது அறியுமேயன்றி மரத்தின் இழையை அறியாது. கோடு நேராயிருக்க, இழை சாய்ந்திருக்குமாயின், அறுத்தெடுத்த குச்சியில் குழல்கள் இடையிடையே வெட்டுண்டு பக்கத்தில் வெளிப்பட்டு நிற்கும். பார்வைக்கு அது மிக நேர்த்தியான குச்சி. பருத்த ஒருவர் சாய்ந்தவுடன் அது அவ்விடத்திலேயே ஒடியும். பிளந்தெடுத்த குச்சியிலோ ஒவ்வோர் இழையும் ஒரு முனை தொடங்கி மறுமுனை வரையிலும் அறாது ஓடுகின்றது. ஆகவே அரை அங்குலத்தினும் மெல்லியதாக அதனைச் சீவினாலும், அமர்ந்தவர் முதுகுக்கு இசைந்து சிறிது வளைந்து கொடுத்து மீண்டும் நிமிரும். நல்ல விண்ட்ஸர் நாற்காலியை முதன்முதற் காண்பார் அதன் மென்மையைக் கண்டு அமர அஞ்சுவர். அமர்ந்த பின்னரே அம்மெல்லிய குச்சிகள் தம் முதுகுக்கு இணங்கி அசைவதை உணர்வர்.

எம்மரம் எவ்வுறுப்பிற்கு என்பதும் இத்தகைய அறிவே. இங்கிலாந்தில் பலகைக்கு எல்ம் மரத்தைக் கொண்டனர். அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் அதனைப் பிளத்தல் கடினம். விறகுக்கு எவரும் விரும்பாத மரம். பத்துப் பதினைந்து துளைகளை ஓரத்தில் இட்டு, அவற்றிற் கழுந்துகளை அறைந்து செலுத்தவேண்டிய பலகைக்கு அப்பிளவாக் குணமே வேண்டுவது. கால்களுக்கும் அவற்றை இணைக்கும் குறுக்குக் கட்டைகளுக்கும் பீச் மரம், கடைசலில் நன்கு உருள்வதாதலின். வில்லுக்கு ஆஷ், சிறந்த நாற்காலிகளுக்கு யூ. அமெரிக்காவிற் குடியேறியோர் பலகைக்குப் பைன் போன்ற மென்மரங்களையும், கால்களுக்கு மேப்பிளையும், வில்லுக்கும் குச்சிகளுக்கும் ஹிக்கரி, ஓக், ஆஷ் என்பவற்றையும் கைக்கொண்டனர். ஒரே நாற்காலியில் மூன்று நிறமுள்ள மரங்கள் கலந்தமையால் அவர்கள் பெரும்பாலும் அதன்மீது பச்சை முதலிய வண்ணம் பூசி மறைத்தனர். இன்று சிலர் பழைய நாற்காலிகளின் வண்ணத்தைச் சுரண்டி, ‘இயற்கை மரத்தின் அழகு’ என்று காட்டி வைப்பதைச் செய்தவன் கண்டால் நகைப்பான்.

அடுத்து ஈரம். பச்சை மரம் உலருங்கால் சுருங்கும் என்பது யாவரும் அறிந்தது. அது எல்லாத் திசையிலும் ஒருபடித்தாய்ச் சுருங்குவதில்லை என்பதே கவனிக்கத்தக்கது. நீளவாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்களவே சுருங்கும். இருதயத்தினின்று பட்டையை நோக்கிய திசையில் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கு. ஆண்டு வளையங்களைச் சுற்றிய திசையில் அதனினும் ஏறக்குறைய இரட்டிப்பு. ஆதலின் பச்சையாயிருக்கும்போது வட்டமாய்க் கடைந்த கால், உலர்ந்தபின் முட்டை வடிவாகி விடும். இதனை அறியாத தொழிலாளி மரத்தோடு போரிட்டுத் தோற்பான். அறிந்தவன் அதனையே தனக்கு ஏவலாக்கிக் கொள்வான். கழுந்தை நன்றாக உலர்த்தி, அதனினும் சிறிது ஈரம் மிகுந்த மரத்தில் இட்ட துளையிற் செலுத்துவான். நாளடைவிற் கழுந்து காற்றின் ஈரத்தை உண்டு சிறிது பருக்கும். துளையோ உலர்ந்து சுருங்கி அதனை இறுகப் பற்றும். பலகைக்கு மேலே வெளிப்படும் காலின் தலையைப் பிளந்து அதில் ஓர் ஆப்பையும் அறைவர். அவ்வாப்பு பலகையின் இழைக்குக் குறுக்காக நிற்கவேண்டும். இழையோடு ஒத்து நின்றால் அதுவே பலகையைப் பிளந்துவிடும். கால்களை இணைக்கும் குறுக்குக் கட்டைகளையும் வேண்டிய அளவினும் ஓர் அணு நீளமாகவே வைத்து, கால்கள் எப்போதும் புறத்தே தள்ளப்பட்டு விறைத்து நிற்குமாறு செய்வோர் உளர்.

இனி ஆவியால் மரத்தை வளைக்கும் செய்தி. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்பது நம் நாட்டுப் பழமொழி. ஐம்பது ஆண்டு நின்ற ஆஷ் மரத்தைக் குதிரை லாடம்போல் வளைத்துக் காட்டும் தொழிலாளி அதற்கு எதிர்விடை கூறுவான். ஆயினும் அவனும் சில நிபந்தனைகளோடுதான் கூறுவான். மரக்குழல்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தும் பசை போன்ற பொருளுக்கு லிக்னின் என்று இரசாயன நூலார் பெயரிட்டுள்ளனர். ஈரமும் வெப்பமும் ஒருங்கே சேர்ந்து, நீர் கொதிக்கும் அளவை அடுத்துச் சூடேறினால் அப்பசை இளகும். குளிர்ந்தால் மீண்டும் இறுகும். இளகியிருக்கும்போது குழல்கள் ஒன்றன்மேலொன்று சிறிது நகர இடம் கிடைக்கின்றது. அடுப்பின்மேற் கொதிக்கும் கலத்தினின்று ஆவியை ஒரு நெடிய மரப்பெட்டியிற் செலுத்தி, அதனுள்ளே கோலை வைப்பர். ஓரங்குலக் கனத்திற்கு ஒருமணி நேரம் என்பது தொழிலாளரிடையே வழங்கும் கணக்கு. சூளையில் வறண்டுபோக உலர்த்திய மரம் இதற்கு உதவாது. அதன் பசை ஒருமுறை நன்கு இறுகிவிட்டமையால் பின்னர் எளிதில் இளகுவதில்லை. பச்சை மரமோ, காற்றில் ஒருவாறு உலர்ந்த மரமோ வேண்டும்.

பெட்டியைத் திறந்தபின் கிடைக்கும் காலம் மிகச் சிறிது. ஒரு நிமிடத்திற்குள், கூடுமானால் அரை நிமிடத்திற்குள், வளைவு முடிந்துவிட வேண்டும். ஓரங்குலத்தினும் குறைந்த பருமனும் நான்கைந்தடி நீளமுமுள்ள அக்கோலின் நடுவை மர அச்சில் ஓர் ஆப்பால் இறுக்கி, இருவர் இருபுறமும் நின்று சீராக இழுத்து வருவர். விரைந்தாலும் ஒடியும்; தாழ்த்தாலும் ஒடியும். வளைத்ததை முளைகளால் நிறுத்தி, அச்சோடு கட்டிப் பல நாள் உலர விடுவர். ஒடிவது எப்போதும் வளைவின் வெளிப்புறத்திலேயாம். இதற்கும் காரணம் உண்டு. இளகிய மரத்தை நீளவாட்டில் அமுக்கினால் நூற்றுக்கு இருபத்தைந்து முப்பது பங்கு வரையிலும் அமுங்கி இடங்கொடுக்கும். இழுத்தாலோ நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கிற்குமேல் நீளாது. எனவே வெளிப்புறம் நீளவொண்ணாதபடி ஓர் எஃகுத் தகட்டை அதன்மேல் வைத்து, இருமுனைகளிலும் இறுக்கிவிட்டு வளைத்தால், வளைவு முழுவதும் உட்புறத்தின் அமுக்கத்தாலேயே நிகழ்கின்றது. கனத்த கோலும் தப்பிவிடும். மிக்கேல் தோனெட் என்னும் ஜெர்மானியர் வியன்னாவில் பீச் மரத்தை வளைத்துப் பெருந்தொகையாய் நாற்காலிகள் செய்தது இம்முறையாலேயே. 1859ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய 14ஆம் எண் நாற்காலி உலகெங்கும் கோடிக்கணக்கில் விலைபோயிற்று. அதனைப் பிரித்து அடுக்கி, ஒரு கன மீட்டர் பெட்டியில் முப்பத்தாறு நாற்காலிகளை வைத்து அனுப்பினர்.

விண்ட்ஸர் நாற்காலியின் வில்லோ பெரும்பாலும் எஃகுத் தகடு இன்றியே வளைக்கப்பட்டது. இழை அறாது பிளந்தெடுத்த மெல்லிய கோலாதலின் அது வேண்டப்படவில்லை. அறுத்தெடுத்த கோலை அதே பெட்டியில் அதே நேரம் வைத்து வளைத்துப் பார்த்தால், இழை வெளிப்பட்ட இடத்திற் சிலாம்பு சிலாம்பாய்ப் பிரிந்து எழும். ஆவி அதிசயம் ஒன்றும் செய்வதில்லை. மரத்தை முதலிலேயே அறிந்து தெரிந்தெடுத்தவனுக்கு மட்டும் உதவுகின்றது.

இதுவரை கூறியவற்றால், மரத்தை அறிந்து பயன்படுத்தும் அறிவே விண்ட்ஸர் தொழிலின் சாரம் என்பது விளங்கும். இனி இத்தொழிலைச் செய்தவர் யார் என்று கேட்போம். கைத்தொழிலைப் புகழ்வார், ஒரே கைவினைஞன் தன் குடிலில் அமர்ந்து, மரத்தினின்று நாற்காலி முழுவதையும் தானே படைத்து மகிழ்ந்தான் என்று மனத்திற் சித்திரம் எழுதிக்கொள்கின்றனர். சரித்திரம் இதற்கு இடங்கொடுக்கவில்லை. பக்கிங்ஹாம்ஷயரில் ஹை விக்கம் என்னும் ஊர் இந்நாற்காலிக்குப் பெயர் பெற்றது. அதனைச் சூழ்ந்த சில்ட்டர்ன் குன்றுகளின் பீச் காடுகளில் ‘பாட்ஜர்’ எனப்பட்ட கடைசற்காரர் வேலை செய்தனர். இளமரக் கொம்பு ஒன்றை மேலே சாய்த்துக் கட்டி, அதினின்று இறங்கும் கயிற்றைக் கடையும் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி, கீழே மிதிகட்டையிற் பிணைப்பர். மிதித்தாற் கட்டை முன்னோக்கிச் சுழலும். விட்டாற் கொம்பு நிமிர்ந்து இழுக்க, பின்னோக்கிச் சுழலும். முன்னோக்கிச் சுழலும்போது மட்டுமே உளி மரத்தைத் தொடும். இவ்வாறு நாள்தோறும் கால்களையும் குறுக்குக் கட்டைகளையும் கடைந்து குவித்தனர். அவர்கள் விற்கும் ஒரு ‘குரோஸ்’ என்பது 144 கால்களும் 108 குறுக்குக் கட்டைகளும், அதாவது முப்பத்தாறு நாற்காலிகளுக்கு உரியவை. நாற்காலி ஒன்றை முழுவதும் செய்தல் பாட்ஜருக்குரிய தொழிலன்று. அரைகுறையாய் ஒட்டுவேலை செய்வதைக் குறிக்க ஆங்கிலத்தில் இன்று ‘பாட்ஜ்’ என்று ஒரு வினை வழங்குகின்றது. இவ்விரு சொற்களுக்கும் உறவு உண்டோ இலதோ, அக்காட்டுக் கடைசற்காரரின் திறமைக்கு அது சற்றும் பொருந்தாது.

ஊரிலிருந்த பட்டறைகளில் ஒருவன் பலகையை வாய்ச்சியாற் குடைந்து அமர்வோர் உடம்பிற்கு இசையப் பள்ளமாக்குவான். தன் இரு பாதங்களுக்கிடையே பலகையை வைத்து, கூரிய வாய்ச்சியைக் கால்விரலுக்கு அருகே வீசி வெட்டும் அவ்வேலையைப் பார்த்தால் உடல் சிலிர்க்கும். வேறொருவன் வில்லை வளைப்பான், மற்றொருவன் துளையிட்டு எல்லாவற்றையும் கூட்டி நிறுத்துவான், இன்னொருவன் சாயமேற்றுவான். 1875ஆம் ஆண்டை ஒட்டி விக்கமில் ஒருநாளில் 4,700 நாற்காலிகள் செய்யப்பட்டன என்று மதிப்பிட்டனர். 1870களில் மூடி, ஸாங்கி என்னும் நற்செய்திப் பிரசங்கியாரின் கூட்டங்களுக்காக 19,200 நாற்காலிகள் அவ்வூரினின்று சென்றன. அவ்வூர்க் கால்பந்துக் குழுவாரை ‘நாற்காலிப் பையன்கள்’ என்று மக்கள் இன்றும் அழைக்கின்றனர்.

எனவே, விண்ட்ஸர் நாற்காலி தொழிற்பிரிவினையாற் பிறந்த மலிவான பொருள். அதனைச் செய்தோர் அழகை வணங்கிய முனிவரல்லர். எண்ணிக்கைக்குக் கூலி பெற்றோர். பாட்ஜரின் கூலி மிகச் சிறிது. மழையும் பனியும் பொழியும் காட்டில் ஓர் ஓலைச் சாய்ப்பின்கீழ் நாள்முழுதும் மிதிகட்டையை மிதித்தவனிடம் சென்று, உன் தொழில் எத்துணை இனியது என்று கூறுவோமாயின் அவன் என்ன விடை சொல்வான் என்பதை ஊகிக்கலாம். அத்தொழில் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் மறைந்தமைக்கு அவன் பிள்ளைகளைக் குறைகூறுதல் தகாது. கைத்தொழில் அழிகின்றதே என்று வருந்துவோர், அக்கைக்கு என்ன கூலி கொடுக்க ஒருப்படுவோம் என்பதை முதலில் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்திரத்தை மட்டும் பழிப்பதும் நேர்மையன்று. லூசியன் எர்க்கோலானி என்பார் 1920இல் விக்கமில் நிறுவிய எர்க்கோல் என்னும் தொழிற்சாலையாரிடம், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1944ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் வர்த்தகத் துறையினர் ஓர் இலட்சம் மலிவான விண்ட்ஸர் வகை நாற்காலிகளைச் செய்து தருமாறு கேட்டனர். அவர் எந்திரத்தாற் செய்தார். மரத்தை ஆவியால் வளைத்தும் செய்தார். அவை இன்றும் பல வீடுகளில் அசையாது நிற்கின்றன. காரணம், மரம் எதற்கு இசையும், எதற்கு இசையாது என்பதை அவ்வெந்திரங்களை அமைத்தோர் அறிந்திருந்தனர் என்பதே. மறுபுறம், கையாற் செய்தது என்னும் சீட்டொட்டி விற்கும் நாற்காலிகளுள், கோணிழைப் பலகையினின்று அறுத்தெடுத்த குச்சிகளை வைத்தனவும் உள்ளன. அவற்றுள் எதனை வீட்டிற்கு வாங்குவீர் என்று என்னைக் கேட்டால், தயங்காது எந்திர நாற்காலியையே சுட்டுவேன்.

ஆனால் எந்திரத்தால் எய்தவொண்ணாதது ஒன்று உண்டு. ஆயிரம் கோல்களை ஒரே அளவிற் செய்ய வேண்டிய எந்திரம், ஒவ்வொரு கோலின் இழையையும் தனித்தனியே பின்பற்றிச் செல்லுதல் இயலாது. ஆகவே ஒடியாதிருக்கும் பொருட்டுக் குச்சியைச் சிறிது தடிப்பாக்குகின்றது. நாற்காலி சிறிது கனக்கின்றது. முதுகு சிறிது விறைக்கின்றது. அறிவு குறைந்த இடத்தில் மரத்தை மிகுத்து ஈடு செய்கின்றனர் எனலாம். அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டு செல்லச் செல்ல விண்ட்ஸர் நாற்காலிகள் தடித்துப்போன வரலாறு இதுவே. 1776இல் சுதந்திரப் பிரகடனத்தை ஜெபர்ஸன் எழுதியபோது அமர்ந்ததாகக் கூறப்படும் சுழலும் நாற்காலி விண்ட்ஸர் வகையினது. அது பிலடெல்பியாவில் அமெரிக்கத் தத்துவ சங்கத்தாரிடம் உள்ளது. வாஷிங்டன் 1796இல் தம் மவுண்ட் வெர்னன் மாளிகைத் தாழ்வாரத்திற்கு அதே ஊரினின்று 24 விண்ட்ஸர் நாற்காலிகளை வாங்கினார். அக்காலத்து நாற்காலிகளின் மெல்லிய உருவத்தைப் பின்வந்த தொழிற்சாலை நாற்காலிகளோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒரே குலத்தன என்று நம்புதல் கடினம்.

அந்நாட்டில் அறிவின் தொடர்ச்சி ஏறக்குறைய அறுந்தே போயிற்று. 1970களில் மைக்கேல் டன்பார் என்பார் பழைய முறையில் இந்நாற்காலியைச் செய்ய விரும்பியபோது கற்பிக்கும் ஆசிரியர் கிடைக்கவில்லை. பழைய நாற்காலிகளையே ஆசிரியராகக் கொண்டு, பலகையின் அடியிலுள்ள கருவித் தடங்களையும் கழுந்துகளின் சாய்வையும் ஆராய்ந்து ஆராய்ந்து முறையை மீட்டார். 1984இல் அதனை நூலாகவும் எழுதினார். அவருக்குப் பின்னும் அவரோடும் பலர் இத்துறையில் இறங்கி, இன்று இரு நாடுகளிலும் இந்நாற்காலியைச் செய்வோரும் கற்பிப்போரும் உளர். மகிழத்தக்க செய்தியே. ஆயினும் இங்கே நாம் நின்று எண்ண வேண்டியது ஒன்றுண்டு. ஒரு நூற்றாண்டிற்குமுன் சாதாரணக் கூலியாளர் அறிந்திருந்த ஒன்றை, கல்வியறிவுள்ள ஒருவர் பல ஆண்டு முயன்று கண்டெடுக்க வேண்டியதாயிற்று. அக்கூலியாளர் அறிந்ததை அறிவென்று எவரும் மதிக்காமையால் எவரும் எழுதி வைக்கவில்லை. கல்லூரிகளும் புத்தகசாலைகளும் நிறைந்த நாட்டில், எதிரே கிடந்த பொருளைச் செய்யும் முறை எவ்வாறு மறக்கப்பட்டது என்பதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

மாணவ நண்பர்கள் இதில் ஒன்றைக் கவனிக்கலாம். வளையும் பொருளின் வெளிப்புறம் இழுவைக்கும் உட்புறம் அமுக்கத்திற்கும் உட்படும் என்பதை இயற்பியல் வகுப்பிற் கற்கின்றோம், தேர்விலும் எழுதுகின்றோம். விக்கமில் வில்லை வளைத்தவன் அச்சூத்திரத்தை அறியான்; ஆனால் இக்கோல் நிற்கும், இது வெடிக்கும் என்பதைக் கையில் எடுத்தவுடனே கூறுவான். அவன் அறிவு குறைந்ததும் அன்று, நம் சூத்திரம் வீணும் அன்று. லிக்னினைப் பற்றிய ஆராய்ச்சி, சூளையில் வறண்ட மரம் ஏன் வளையாது என்பதற்குக் காரணம் காட்டிற்று. தொழிலாளி அவ்வாறு காரணம் காட்டியிரான். இரண்டையும் ஒருவனே கற்றல் கூடாதென்று எவரும் விதிக்கவில்லை. கல்லூரியொன்றில் ஆஷ் கோலொன்றை மாணவனே பிளந்து, ஆவியிலிட்டு, வளைத்து, அது வெடித்த இடத்தைக் கண்ணாடி கொண்டு நோக்குவானாயின், அது பொழுதுபோக்கென்று தள்ளத்தக்கதன்று, ஆய்வுக்கூடத்து வேலையேயாகும்.

இவ்வறிவிற்கு நேர்ந்துள்ள இடர் மறதி மட்டுமன்று. மரங்களே மறைந்து வருகின்றன. 1960களின் இறுதியிற் பரவத் தொடங்கிய எல்ம் நோய், பட்டைக்குள் வாழும் சிறு வண்டுகளாற் சுமக்கப்படும் ஒரு பூஞ்சையால் வருவது. பிரிட்டனில் இரண்டு கோடிக்கு மேற்பட்ட எல்ம் மரங்கள் அதனால் மடிந்தன. விண்ட்ஸர் நாற்காலியின் உயிர்நிலை என்று தொடக்கத்தில் கூறிய பலகைக்கு உரிய மரம் அதுவே. இப்போது அகன்ற எல்ம் பலகை கிடைத்தல் அரிதாகி, ஆஷ், ஓக் முதலியவற்றைக் குடைகின்றனர். ஆஷ் மரத்திற்கும் கேடு வந்தது. அதனை வாட்டும் வேறொரு பூஞ்சை நோய் பிரிட்டனில் 2012ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. அமெரிக்காவிலோ, ஆசியாவினின்று வந்த மரகதநிற வண்டு ஒன்று 2002இல் மிச்சிகன் மாநிலத்திற் காணப்பட்டு, அதன்பின் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கின்றது.

இந்நிலையிலே, எம்மரம் என்ன குணத்தால் எவ்வுறுப்பிற்கு ஆயிற்று என்னும் பழைய அறிவு புதிதாய்ப் பயன்படுகின்றது. ஆஷ் இல்லையேல் அதனைப்போல் நேராகப் பிளப்பதும் ஆவியில் இளகுவதுமான மரம் யாது என்று தேட வேண்டும். ஓக் பிளக்கும், வளையும். ஆனால் கனம் மிகுதி. ஹிக்கரி அமெரிக்காவில் உண்டு. இங்கிலாந்திலோ அது தானே வளரும் மரமன்று. நோயைத் தாங்கி நிற்கும் ஒருசில ஆஷ் மரங்களைக் காடுகளில் தேடிக் கண்டு, அவற்றினின்று கன்று எடுக்கும் ஆராய்ச்சியும் பிரிட்டனில் நடைபெறுகின்றது. அக்கன்றுகள் வில்லுக்கு வேண்டிய பருமன் அடையப் பல பத்தாண்டுகள் செல்லும். இதற்கிடையே, நோயுற்றமையாற் சாலையோரங்களில் வெட்டி வீழ்த்தப்படும் ஆஷ் மரங்கள் விறகுக்குச் சென்றுகொண்டிருக்கின்றன. அவற்றுள் நேரான அடிமரங்களைத் தேர்ந்து, பச்சையாயிருக்கும்போதே பிளந்து வளைத்து வைப்பதற்கு, அவற்றை அடையாளம் காணத் தெரிந்தவர் வேண்டும்.